எட்டு லிட்டர் குண்டானும் நாலு பிரம்மச்சாரிகளும்!

ஒரு ஈயச் சொம்பை உருக்கிய பாவத்துக்குப் பிராயச்சித்தமாகத்தான் நான் எனாமல் குண்டான் வாங்கக் கிளம்பினேன்.

மேற்கு மாம்பலத்தில் மொட்டைமாடி போர்ஷன். ஒரு ரூம், ஒரு சமையல் மூலை, ஒரு பாத்ரூம் (உள்ளே போனால் பாட வேண்டும், தாழ்ப்பாள் கிடையாது). ஆள் நாலு பேர். நான் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ். சேகர் மருந்துக் கம்பெனி ரெப். பாஸ்கர் கூரியர் ஆபீஸ். முத்து ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கீழ் வீட்டில் ஹவுஸ் ஓனர் மாமி. வயது எழுபத்து நாலு. மாடிப்படியில் நாம் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே சம்பளம் வந்துவிட்டதா, வரவில்லையா என்று கண்டுபிடிக்கக் கூடியவர்.

ஹோட்டல் சாப்பாடு வயிற்றையும் பர்ஸையும் சேர்த்துப் பதம் பார்த்ததால், 2023 ஜனவரியில் சொந்தச் சமையல் என்று முடிவெடுத்தோம். முதல் அயிட்டம் ரசம். அலுமினியப் பாத்திரத்தில் வைத்தேன். சேகர் ஒரு வாய் குடித்துவிட்டு, "சாவியை நக்கின மாதிரி இருக்கு மச்சி" என்றான்.

விஷயம் மாமி காதுக்குப் போனது. "புளியை அலுமினியத்துல கொதிக்க விடுவாளோ? புளிப்பு அலுமினியத்தை அரிச்சுடும்டா" என்று சொல்லி, தன் ஈயச் சொம்பைக் கொடுத்தார். "தண்ணி இல்லாம அடுப்புல வைக்காதே" என்று மூன்று தடவை சொன்னார்.

மூன்றாவது தடவை சொல்லும்போதே எனக்குக் கவனம் போய்விட்டது. அடுத்த நாள் சொம்பை அடுப்பில் வைத்தேன். மேனேஜரிடமிருந்து போன். பேசிவிட்டுத் திரும்பினால் பர்னர் மேல் வெள்ளிக் குளம்! சொம்பைக் காணோம்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு காரீயம் கிடையாது, வெள்ளீயம். 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு நூறை ஒட்டியே நிற்கும், சொம்பு பிழைக்கும். வெறும் சொம்பென்றால் சில நிமிஷம் போதும்.

மாமி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. உருகிக் கிடந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்கம்மா கொடுத்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

புதுச் சொம்பு விலை விசாரித்தேன். மாசக் கடைசியில் கேட்கக் கூடாத விலை. கடனைக் கணக்கில் எழுதி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மாமியே படியேறி வந்தார். "உங்களுக்கெல்லாம் ஈயம் சரிப்படாது. ஒரு எனாமல் குண்டான் வாங்கிக்கோங்கோ. எங்கப்பா கல்கத்தாவுல ரயில்வே உத்தியோகத்துல இருந்தப்போ எங்காத்துல எல்லாமே எனாமல்தான்."

கடையில் காந்தம்

பாரிமுனைப் பக்கம் ஒரு பாத்திரக் கடை. மாமி சொல்லி அனுப்பிய பரீட்சைகள் மனசில், ஃபிரிட்ஜில் ஒட்டுகிற பிள்ளையார் காந்தம் பையில்.

"தம்பி, எத்தனை பேருக்கு?"

"நாலு பேருக்குண்ணே."

"அப்ப அஞ்சு லிட்டர் போதும். எழுநூத்தி எண்பது. எட்டு லிட்டரும் இருக்கு. எண்ணூத்தி அம்பது."

இங்கேதான் என்னுள் இருந்த அக்கவுன்ட்டன்ட் விழித்துக்கொண்டான். எழுபது ரூபாய்க்கு மூன்று லிட்டர் அதிகம்! அதே அளவில் அடி கனமான ஸ்டீல் பாத்திரம் மூவாயிரத்தைத் தொட்டது. எட்டு லிட்டருக்கே கையை நீட்டினேன். வெள்ளை உடம்பு, நீல விளிம்பு, மூடியோடு பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

நீங்களும் வாங்கப் போனால் உதவுமே என்று பரீட்சைகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் காந்தம். அடியில் ஒட்ட வேண்டும். எனாமல் என்பது இரும்புத் தகட்டின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடி. ஒட்டவில்லையென்றால் உள்ளே இருப்பது வேறு ஏதோ. (ஒட்டினால் இன்னொரு சௌகரியம்: அடி சமமாக இருந்தால் இண்டக்ஷன் அடுப்பிலும் வைக்கலாம்.)

இரண்டாவது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து உள்பக்கம் பார்க்க வேண்டும். ஊசி முனை அளவு கறுப்புப் புள்ளி, கொப்புளம், கீறல் எது இருந்தாலும் வேறு எடுக்கச் சொல்லுங்கள். துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

மூன்றாவது, கைப்பிடி. எட்டு லிட்டர் தண்ணீர் என்றால் எட்டு கிலோ. காலிக் குண்டானைக் கடையில் தூக்கிப் பார்த்துவிட்டு 'ஆஹா, லேசு!' என்று மகிழக் கூடாது. கைப்பிடியைப் பிடித்து அழுத்தி ஆட்டிப் பார்க்க வேண்டும். கைப்பிடியும் இரும்புதான், சுடும். ஆகவே பிடிதுணி இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள்.

நான்காவது, அடி. தரையில் வைத்து ஒரு பக்கம் அமுக்கினால் ஆடக் கூடாது. ஆடுகிற குண்டான் அடுப்பிலும் ஆடும்.

ஐந்தாவதை மாமி சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன். குண்டானை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும்! பீச் ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி, மடியில் குண்டானோடு உட்கார்ந்தேன். எதிர் சீட்டுப் பெரியவர் கேட்டார்: "தம்பிக்கு கேட்டரிங் பிசினஸா?"

"இல்ல சார். அக்கவுன்ட்ஸ்."

அதற்கப்புறம் மாம்பலம் வரைக்கும் அவர் என்னைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

பொங்கல் படலம்

முதல் ஞாயிற்றுக்கிழமையே வெண்பொங்கல் வைத்தோம். மேலே வெண்பொங்கல், நடுவே பொன்பொங்கல், அடியில் தார் ரோடு!

காரணம் எளிது. விலை குறைந்த எனாமல் பாத்திரத்தின் தகடு மெல்லிசு. ஜுவாலை படுகிற இடத்தில் மட்டும் சூடு குவியும், பக்கத்துக்குப் பரவாது. தண்ணீராக இருப்பது சுழன்று சுழன்று சூட்டைப் பகிர்ந்துகொள்ளும். கெட்டியாக இருப்பது அசையாமல் கிடந்து கருகும். ஆகவே ரசம், சூப், தண்ணீர்ச் சாம்பார், வெந்நீர், உருளைக்கிழங்கு வேக வைப்பது, இவற்றுக்குக் குண்டான் தங்கம். பொங்கல், கூட்டு, அல்வா, இவற்றுக்கு வேறு பாத்திரம் பாருங்கள்.

பாஸ்கர் கம்பி நாரை எடுத்துக்கொண்டு போர்க்களத்துக்குக் கிளம்பினான். சத்தம் கேட்டு மாமி கீழேயிருந்தே கூவினார்: "கம்பி போட்டுத் தேய்க்காதே! கண்ணாடிடா அது!"

மாமி வைத்தியம் இது. கருகிய இடம் முழுகுகிற அளவு தண்ணீர் விட்டு, இரண்டு மேஜைக்கரண்டி சமையல் சோடாவைப் போட்டு, பத்து நிமிஷம் சிறு தீயில் கொதிக்க விட வேண்டும். பிறகு அடுப்பை அணைத்து, தானாக ஆற விட வேண்டும். மரக் கரண்டியால் நெம்பினால் வந்துவிடும். வந்தது. தார் ரோடு அப்பளமாகப் பெயர்ந்தது.

டிக்... டிக்... டிக்!

அடுத்த பாடத்துக்குக் கட்டணம் கட்டியவன் சேகர். அவசரமாகக் கிளம்புகிறவன், கொதித்து இறக்கின குண்டானைக் காலி செய்து அப்படியே குழாயடியில் நீட்டினான். டிக்... டிக்... டிக்! அடிப்பக்க விளிம்பில் மிளகு அளவுக்கு ஒரு சில்லு தெறித்துவிட்டது. உள்ளே கறுப்பு தெரிந்தது.

ஏன் தெறிக்கிறது? கண்ணாடித் தூளைக் களிமண்ணும் நீரும் சேர்த்துக் குழம்பாக்கி, இரும்புத் தகட்டை அதில் முக்கி, காயவைத்து, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் சூளையில் சுடுகிறார்கள். கண்ணாடி உருகி இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. பொதுவாக முதல் பூச்சு கருநீலமாகவோ கறுப்பாகவோ இருக்கும். இரும்பை இறுகப் பிடித்துக்கொள்ள அதில் கோபால்ட் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். அதன்மேல்தான் வெள்ளைப் பூச்சு. இரும்பும் கண்ணாடியும் ஒரே அளவில் விரிவதும் சுருங்குவதும் இல்லை. மெதுவாகச் சூடாக்கி மெதுவாக ஆற விட்டால் இரண்டும் அனுசரித்துப் போகும். திடீரென்று தண்ணீரைக் கொட்டினால் கண்ணாடி தெறித்துவிடும். வெறும் குண்டானை அடுப்பில் வைத்தாலும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே பெரிய தீயில் ஏற்றினாலும் இதே கதிதான்.

வெளிப்பக்கம் சின்ன சில்லு போனால் பயமில்லை. கழுவியவுடன் ஈரம் போகத் துடைத்து, அந்த இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைத்தால் துரு பிடிப்பது தள்ளிப்போகும். உள்பக்கம் தெறித்தால் சமையலிலிருந்து குண்டானுக்கு ரிட்டயர்மென்ட் கொடுத்துவிடுங்கள். மேலும் மேலும் சில்லு பெயர்ந்து சாப்பாட்டில் விழலாம். ரிட்டயர் ஆனவர் வெங்காயம் போட்டு வைக்கவோ துளசி வளர்க்கவோ நெடுங்காலம் உதவுவார்.

பழைய காலத்து எனாமலைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்நாளைய சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு எனாமல்களில் காட்மியம், காரீயம் கலந்த வர்ணங்கள் இருக்கக்கூடும். ஷோகேஸில் வையுங்கள், சமைக்காதீர்கள்.

போலந்தில் ஒரு குண்டான் ஃபேக்டரி

சில்லு போன குண்டானைத் திருப்பித் திருப்பிப் பார்த்த சேகர், தன் குற்றத்தை மறைக்க சினிமா பேச ஆரம்பித்தான். "'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' பார்த்திருக்கியா மச்சி? அந்தாளோட ஃபேக்டரியில பண்ணினது இதைத்தான்!"

கதை என்று நினைத்தேன், தேடிப் பார்த்தால் நிஜம். ஆஸ்கர் ஷிண்ட்லர் என்ற ஜெர்மானியர் 1939-ல் போலந்தின் கிராகோவ் நகரில் எடுத்து நடத்தியது எனாமல் பாத்திரத் தொழிற்சாலை. லாபம் சம்பாதிக்கப் போனவர், அங்கே வேலை பார்த்த யூதர்களைக் காப்பாற்ற சம்பாதித்ததையெல்லாம் செலவழித்தார். எனாமல் பாத்திரங்களைக் கறுப்புச் சந்தையில் விற்ற பணம் அதிகாரிகளுக்கு லஞ்சமாகவும், தொழிலாளர்களுக்குக் கூடுதல் உணவாகவும் போனது. உயிர் பிழைத்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். ஸ்பீல்பெர்க் அதை 1993-ல் படமாக எடுத்தார். அந்தத் தொழிற்சாலைக் கட்டடத்தில் 2010-லிருந்து மியூசியம் இருக்கிறது.

"பாத்தியா, குண்டான்னா லேசு இல்ல" என்றான் சேகர், சில்லுக்குத் தானே காரணம் என்பதை மறந்து.

அன்று சிரித்தேன். நாலு மாசத்தில் அந்தப் பேச்சு எனக்கு வேறு விதமாக ஞாபகம் வந்தது.

எழுபது ரூபாய் லாபத்தின் விளைவு

எட்டு லிட்டர் வாங்கியது தப்பு என்று முதல் மாசமே தெரிந்துவிட்டது. ஒரு லிட்டர் ரசம் வைத்தால் அந்த அகலத்தில் அடியில் இரண்டு சென்டிமீட்டர்தான் நிற்கும், சீக்கிரம் சுண்டிவிடும். ஆகவே மூன்று லிட்டருக்குக் குறையாமல் வைத்தோம். நாலு பேர் குடித்தும் மிச்சம் நின்றது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சூப் வைக்கப் பழகினோம். கொத்தமல்லித் தண்டு, முட்டைகோஸ் தண்டு, கேரட், ஒரு வெங்காயம், இஞ்சி, பத்து மிளகு, எல்லாம் போட்டு ஆறு லிட்டர் தண்ணீர். (எட்டு லிட்டர் குண்டானில் ஆறுக்கு மேல் ஊற்றினால் அடுப்பு குளிக்கும்.) மூடி போட்டுக் கொதி வந்ததும் தீயைக் குறைத்து முக்கால் மணி நேரம். வடிகட்டினால் இரவுக்கு சூப், மிச்சத்தில் மறுநாள் ரசம். ஆறு லிட்டர் கொதி வருவதற்கு எவ்வளவு காஸ் என்றும் கணக்குப் போட்டேன். ஏறத்தாழ 65 கிராம். ஒரு 14.2 கிலோ சிலிண்டரில் இருநூறு முறைக்கு மேல் கொதிக்க வைக்கலாம். (பிரம்மச்சாரிக்கு ஞாயிற்றுக்கிழமை வேறென்ன வேலை?) மிச்சத்தைக் குண்டானோடு வைத்தால் ஆற நேரமாகும், கெட்டுப் போகும். சின்னப் பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

அப்படி நான் பிரித்து வைத்த ரசம்தான் குறைய ஆரம்பித்தது.

முதலில் பாஸ்கரைச் சந்தேகப்பட்டேன். அவன் முகம் அப்படி. மே மாசத்தில் ஒரு நாள் ராத்திரி ஒன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையல் மூலையில் விளக்கு இல்லை. ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் முத்து நின்றுகொண்டு, ஆறின ரசத்தைப் பாத்திரத்தோடு குடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லல. சும்மா... டேஸ்ட் பாத்தேன்."

மூன்று வாரமாக அவன் ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரவில்லை. "ஆபீஸ்லயே சாப்ட்டேன்" என்று சொல்வான். நாங்களும் நம்பினோம். சாஃப்ட்வேர் கம்பெனியில் சாப்பாடு போடுவார்கள் என்று பொறாமைகூடப் பட்டோம்.

உட்கார வைத்துக் கேட்டதில் விஷயம் வந்தது. ஏப்ரலிலேயே வேலை போய்விட்டது. காலையில் டை கட்டி, பையை மாட்டிக்கொண்டு கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துக்குப் போய் உட்கார்ந்து அப்ளிகேஷன் போட்டுவிட்டு, சாயங்காலம் திரும்பியிருக்கிறான். சாப்பாட்டுப் பங்கு கொடுக்க முடியாததால் சாப்பிடவில்லை. "காசு குடுக்காம எப்படில உக்காருவேன்?" என்றான். ஊரில் தங்கை கல்யாணத்துக்கு வாங்கின கடன் வேறு.

நான் சோறு வடித்துப் போட்டிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை. அவனிடமிருந்து பாத்திரத்தை வாங்கி, ரசத்தைக் குண்டானில் ஊற்றி மெதுவாகச் சூடு பண்ணிக் கொடுத்தேன். இருவரும் பேசாமல் குடித்தோம்.

மறுநாள் நாங்கள் மூன்று பேரும் கூடினோம். பணம் கொடுத்தால் வாங்க மாட்டான். இனாமாகச் சாப்பிடு என்றால் ரூமைக் காலி செய்துவிடுவான். அக்கவுன்ட்ஸ் மூளை அன்றுதான் உருப்படியாக வேலை செய்தது. சுவரில் ஒரு பேப்பர் ஒட்டினேன்:

'அறிவிப்பு. கண்ணாடிப் பூச்சுள்ள குண்டானைக் கழுவித் துடைத்துப் பராமரிக்கப் பொறுப்பான ஆள் தேவை. முன்னவர்கள் கம்பி நாரும் பச்சைத் தண்ணீரும் பயன்படுத்தித் தகுதி இழந்தனர். சம்பளம்: மாசாந்திர சாப்பாட்டுப் பங்கு முழுவதும் தள்ளுபடி.'

முத்து அதை ரொம்ப நேரம் படித்தான். "லீவு உண்டா?" என்று கேட்டான்.

"கேஷுவல் லீவு பன்னிரண்டு" என்றான் பாஸ்கர்.

அன்று ராத்திரி எட்டரை மணிக்கு நாலு தட்டு போட்டோம். தட்டை வைத்துக்கொண்டு முதலில் உட்கார்ந்தது முத்து.

அதற்கப்புறம் எங்கள் குண்டானுக்கு ராஜ மரியாதைதான். ஆற விட்டு, ஸ்பாஞ்சால் தேய்த்து, துணியால் துடைத்து, சில்லு போன இடத்தில் எண்ணெய் தடவி, கவிழ்த்து வைப்பான். புதுச் சில்லு ஒன்றுகூடத் தெறிக்கவில்லை.

மாமிக்கு நாங்கள் யாரும் சொல்லவில்லை. ஆனால் ஜூன் முதல் வாரத்தில் ஒரு தூக்கில் துவரம்பருப்பு மாடிக்கு வந்தது. "எறும்பு வந்துடும்னு கொடுக்கறேன்" என்றார். கீழ் வீட்டில் நான் எறும்பைப் பார்த்ததே இல்லை. அடுத்த வாரம் புளி வந்தது. அதற்கும் எறும்பாம்!

ஆகஸ்டில் முத்துவுக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தைவிடக் கொஞ்சம் குறைவு. முதல் சம்பளத்தில் ஊருக்கு அனுப்பினது போக மீதியோடு என்னிடம் வந்தான். "வால, கடைக்குப் போவோம்" என்றான். நாலு பேரும் பங்கு போட்டோம். கணக்கில் ஏழு மாசமாக நின்ற பாக்கி அன்று தீர்ந்தது.

மாமி பொட்டலத்தைப் பிரித்தார். புது ஈயச் சொம்பு. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் சுண்டிப் பார்த்தார். "எங்கம்மாவோடது இன்னும் கொஞ்சம் கனம்" என்றார். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுலயே வெச்சு உங்களுக்கு நாளைக்கு ரசம் அனுப்பறேன்."

"நாங்களே வெச்சுக்கறோமே மாமி, சொம்பைக் கொடுங்க" என்றேன், ஒரு மரியாதைக்கு.

மாமி சொம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "உனக்குக் குண்டான் போதும்டா!"